நறுக்கிய வால்

ஆர்லன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தபோது டுவேன் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பேசின் தண்ணீரில் போட்டிருந்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கைகள் வேறு யாருடையவோ என்பதுபோல் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனித்தூள் வயல் மேல் புகையாக ஓடிக்கொண்டிருந்தது.

"பூட்ஸக் கழட்டு," என்றாள் அக்கா மார்லிஸ். அடுப்பின் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"வா மச்சான்," என்றார் டுவேன். "கைய ஊறப் போட்டிருக்கேன். சாப்பாட்டு நேரத்துக்குள்ள வெந்துருமான்னு பாக்கணும்."

ஆர்லன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது மூன்று ஆண்டுப் பழக்கம். அவன் மனைவி காரின் இறந்த வாரத்தில் டுவேன் அவன் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வாசல் பனியைத் தள்ளிவிட்டு, "வண்டில ஏறு, சாப்பாடு ஆறிரும்," என்று கூட்டிப்போனார். அதிலிருந்து தொடங்கியது. அப்போது ஆர்லனுக்கு முப்பத்துநாலு வயது.

டுவேனின் விரல்நுனிகள் நான்கு வெளுத்து மெழுகுபோல் இருந்தன. தண்ணீருக்குள்ளும் நிறம் மாறவில்லை.

"எந்தக் குவியல்ல இருக்கீங்க அத்தான்?"

"மூணாவது. ஆத்தோரம். காத்துக்கு மறைப்பே கெடையாது. எங்கூட இருக்கறவனுகள்ல மூத்தவனுக்கு இருபத்திரண்டு வயசு. என்ன 'தாத்தா'ங்கறானுக. மரியாதைதான்."

இருபத்தாறு ஆண்டுகளாக டுவேன் சர்க்கரை ஆலையில் காய்ச்சும் தளத்தில் வேலை பார்த்தவர். ஊரே உறைந்து கிடக்கும் ஜனவரியில் அங்கே ஆட்கள் பனியனோடு நிற்பார்கள். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இழுத்து, விளக்கில் காட்டிப் பார்த்தே டுவேன் சொல்லிவிடுவார். அந்தத் தளத்துக்குப் போக சர்வீஸ் வேண்டும். சர்வீஸ் இல்லாதவனுக்கு வெளியே வேலை. மலைபோல் குவித்துக் கிடக்கும் பீட் கிழங்கு பனியில் கல்லாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கடப்பாரையால் பிரித்து, ஆலைக்குள் கொண்டுபோகும் வாய்க்காலுக்குத் தள்ள வேண்டும். டுவேனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிப்ரவரி மூன்றாம் வாரம், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து.

மார்லிஸ் சூடான பாத்திரத்தை மேசைக்கு நடுவில் வைத்தாள். கொத்துக்கறியும் பீன்ஸும் போட்டு, மேலே உருளைக்கிழங்கை அடுக்கி அடுப்பில் வைத்தது. டுவேனின் கைகளைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை.

"வியாழக்கெழம பத்து மணிக்கு விசாரணை," என்றாள். "கோர்ட் கட்டடத்துல, கீழ் ரூம்ல. நடுவர் செயின்ட் பால் ஊர்லேருந்து வராங்களாம்."

"அக்கா, சங்கத்துலேருந்து யாராவது..."

"சங்கமா? ஸ்ட்ரைக்க மீறி உள்ள போன கருங்காலிக்கு சங்கம் வருமா? நீ எந்த ஊர்ல இருக்க?"

டுவேன் முள்கரண்டியை முழுக்கையால் பிடித்துச் சாப்பிட்டார், சின்னப்பிள்ளை பிடிப்பதுபோல்.

"ஆலை என்ன சொல்லுது?"

"நாங்க எதுவும் சொல்லலன்னு சொல்லுது," என்றார் டுவேன். "திரும்பி வந்தவங்க புதுசா சேந்தவங்க மாதிரி. சர்வீஸ் முதல் நாள்லேருந்து. காயிதம் காட்டுறியான்னு கேக்குறாங்க. எங்கிட்ட ஏது காயிதம்? நான் டிவிலதான பாத்தேன்."

ஆர்லன் தட்டைப் பார்த்தான். டுவேன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

"இன்னைக்கு சர்ச்சுக்கு எலுமிச்ச பார் கேக் செஞ்சு கொண்டுபோனேன்," என்றாள் மார்லிஸ். "ஒரு தட்டு. ஆராதனை முடிஞ்சு காப்பி நேரம். எல்லாரும் மத்த தட்டெல்லாம் காலி பண்ணாங்க. என் தட்டு போனபடியே வந்துச்சு. ஓரம்கூட ஒடையல. பாஸ்டர் மட்டும் ஒண்ணு எடுத்தாரு. எடுத்துக் கையிலயே வச்சிருந்தாரு."

"இருக்கா இன்னும்?" என்றார் டுவேன். "எடு. நாம சாப்புடுவோம்."

மூன்று பேரும் எலுமிச்சை பார் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

*

எட்டாம் சேனலை நாற்பது ஆண்டுகள் உள்ளூர்க் குடும்பம் ஒன்று நடத்தியது. பிறகு விற்றுவிட்டது. வாங்கியவர்களிடம் எழுபது ஊர்களில் சேனல்கள் இருந்தன. அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை ஆலையிலும் பங்கு உண்டு என்பது நோர்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலைநிறுத்தம் வரும்வரை யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

மாலை ஆறு மணிச் செய்தியின் முடிவில் ஆர்லனுக்கு ஒரு நிமிடம். அதற்கு அதுதான் பெயரும்: 'ஒரு நிமிஷம், ஆர்லனுடன்.' பள்ளிக்கூடக் கூரை, ஆற்று வெள்ளம், வேட்டைக் காலத்தில் சாலையில் பாயும் மான் என்று எதைப் பற்றியும் பேசுவான். முதலில் பழக்கத்துக்காகக் கேட்டார்கள். காரின் இறந்தபிறகு வேறு காரணத்துக்காகக் கேட்டார்கள். அவள் போன பத்தாம் நாள் அவன் அந்த ஒரு நிமிடத்தில் சொன்னது இதுதான்: "என் மனைவி போன செவ்வாய்க்கெழமைக்கு முந்தின செவ்வாய்க்கெழம எறந்துட்டா. சாப்பாடு கொண்டாந்தவங்களுக்கு நன்றி. பாத்திரத்துக்கு அடியில தயவுசெஞ்சு பேர் ஒட்டுங்க. எதை யாருக்குத் திருப்பிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியல." மீதி நாற்பது நொடி சும்மா உட்கார்ந்திருந்தான். ஒளிப்பதிவாளர் காமிராவை அணைக்கவில்லை.

அன்றிலிருந்து ஆர்லன் சொன்னால் சரி என்று ஊரில் ஆயிற்று.

ஆனால் அவனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. காலையில் எழுந்தால் சொற்கள் இல்லை. அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து தாள்கள் வர ஆரம்பித்தன. வாரம் இரண்டு, பிறகு மூன்று. கட்டாயம் வாசிக்க வேண்டியவை. எழுபது சேனலுக்கும் ஒரே தாள். நடுவில் ஒரு கட்டம் இருக்கும்: 'இங்கே உங்கள் ஊர்ப்பெயர்.' தெற்கே ஏதோ ஓர் ஊரில் ஒருவர் "இங்கே உங்கள் ஊர்ப்பெயர் மக்களுக்கு வணக்கம்" என்றே வாசித்துவிட்டதாக அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆர்லனுக்கு அந்தத் தாள்கள் ஆறுதலாக இருந்தன. யாரோ எழுதுகிறார்கள். அவன் வாயில் போட்டுக்கொண்டால் போதும்.

வாயில் போட்டுக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன். தாளை அப்படியே வாசிக்கமாட்டான். பென்சிலை எடுத்து, ஊர்ப் பேச்சாக மாற்றுவான். அதில் முதல் வேலை வாலை நறுக்குவது. 'என்று காவல்துறை தெரிவிக்கிறது', 'என்று நிர்வாகம் கூறுகிறது' என்று வாக்கியத்தின் கடைசியில் தொங்கிக்கொண்டு வருவதை அலுவலகத்தில் வால் என்பார்கள். செய்தி வாசிப்பவருக்கு வால் வேண்டும். ஒரு நிமிடம் பேசுகிறவனுக்கு வால் இருந்தால் பேச்சு நடக்காது, இடறும். அவன் கை தானாக வாலில் கோடு போட்டுவிடும்.

ஜனவரி இரண்டாம் வாரம், வேலைநிறுத்தம் பதினோராவது வாரம். ஒரு தாள் வந்தது. அதில் ஒரு வரி: 'வேலைக்குத் திரும்பும் தொழிலாளர்களின் பணிக்காலம் எவ்வித இழப்புமின்றித் தொடரும் என்று ஆலை நிர்வாகம் கூறுகிறது.'

ஆர்லன் கடைசி நான்கு சொற்களின் மேல் கோடு போட்டான். அன்று மாலை காமிராவைப் பார்த்துச் சொன்னான்: "திரும்பிப் போறவங்க சர்வீஸ் ஒரு நாள்கூடக் கொறையாது. இதுல தலைகுனிய ஒண்ணும் இல்ல. குளிரு காலம் நீளமானது."

'ஒரு நாள்கூட' என்பது தாளில் இல்லை. அது அவன் போட்டது.

அடுத்த திங்கட்கிழமை பதினாலு பேர் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். அதில் டுவேன் ஒருவர்.

*

திங்கட்கிழமை காலை மேலாளர் லைல் அவனைக் கூப்பிட்டு, கதவை முழுக்க மூடாமல் பாதி மூடினார். மூடினால் அலுவலகம் பேசும்.

"உக்காரு. காப்பி?"

"வேண்டாம்."

"வியாழக்கெழம உங்க அத்தான் விசாரணை. ஆலை வக்கீலு தலைமை அலுவலகத்துக்குப் பேசிருக்காரு. அங்கேருந்து எனக்குப் பேசினாங்க. இது ஒண்ணுமில்ல, ஒரு கையெழுத்து." ஒரு காகிதத்தை நகர்த்தினார். 'ஒரு நிமிஷம்' நிகழ்ச்சியில் சொல்லப்படுபவை முழுக்க ஆர்லன் ட்வைட்டின் சொந்தக் கருத்துகள் என்று அதில் இருந்தது.

"இது உண்மை இல்லையே லைல்."

"உன் மூஞ்சி, உன் பேரு, உன் கொரலு. இதுல எது உண்மை இல்ல?"

"தாள் வந்துச்சு."

"தாள் எழுவது பேருக்கு வந்துச்சு. அறுவத்தொம்போது பேரு வாலோட வாசிச்சாங்க. நான் பாத்தேன். எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன் நேத்து." லைல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் உன்னத் திட்டல. நீ நறுக்குறது எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. நான்தான் புதுசா வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவேன், ஆர்லன் மாதிரி பேசுங்கடான்னு. ஆனா இப்போ கேட்டா, நான் நறுக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"தலைமை அலுவலகம் சொல்லுச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

ஆர்லன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பழைய தாளெல்லாம் வச்சிருக்கியா நீ?" லைல் வேறெங்கோ பார்த்துக் கேட்டார்.

"மேசை டிராயர்ல கெடக்கும்."

"டிராயர ஒருநாளு சுத்தம் பண்ணு. தூசி. அவ்வளவுதான் நான் சொல்றது." பிறகு, "எனக்கும் வீடு இருக்கு ஆர்லன்," என்றார்.

அன்றும் மறுநாளும் அவன் ஆறு மணிக்கு உட்கார்ந்து பேசினான். ஒன்று சாலைக்கு உப்புத் தூவுவது பற்றி. மற்றது ஒரு தாள். அதை வாலோடு வாசித்தான். தொண்டை சரியில்லையா என்று ஒப்பனைக்காரப் பெண் கேட்டாள்.

*

புதன்கிழமை மூன்று மணிக்கு ஆலைக்குப் போனான். வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள் எட்டுப் பேர் பீப்பாயில் விறகு எரித்துக்கொண்டு நின்றார்கள். ஊர் முழுக்க இருக்கும் அந்த இனிப்பு அழுகல் வாடை இங்கே கனமாக இருந்தது. வண்டியைப் பார்த்ததும் கர்ட் வந்து கண்ணாடியைத் தட்டினான். டுவேனோடு ஒரே தளத்தில் பதினெட்டு ஆண்டு நின்றவன். இமையில் பனி ஒட்டியிருந்தது.

"என்ன ஆர்லன், எங்களுக்கும் ஒரு நிமிஷம் குடுக்க வந்தியா?"

"அத்தானப் பாக்க வந்தேன்."

"பாரு பாரு. தூரத்துலேருந்தே தெரியும். கொனிஞ்சிருக்கற ஒரே ஆளு அவன்தான்." கர்ட் கையுறையால் மூக்கைத் துடைத்தான். "மத்த பதிமூணு பேரு மேலயும் எனக்குக் கோவம் கெடையாது, தெரியுமா. அவனுக எப்பவும் அப்படித்தான். டுவேன் வேற. அவன் கடனுக்காகப் போகல, பயந்தும் போகல. சனிக்கெழம ராத்திரி எங்கிட்ட போன் பண்ணிச் சொல்றான், 'கர்ட், ஆர்லன் சொல்லிட்டான், சர்வீஸ் போகாதாம், நீயும் வா'ன்னு. எனக்காகப் பேசினான்டா அந்த மனுசன். நான் அவனக் கருங்காலின்னு சொல்லி போன வச்சேன்."

"நீ ஏன் போகல?"

"எனக்கு உன்னத் தெரியும். சேனல யாரு வாங்குனாங்கன்னும் தெரியும்." அவன் வண்டிக் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான். "போ. உள்ள போ. நீ கருங்காலில சேத்தி இல்ல. உனக்கு வேற பேரு கண்டுபிடிக்கணும்."

மூன்றாவது குவியல் இரண்டு மாடி உயரம். மேலே பனி, கீழே கருத்த கிழங்கு. டுவேன் கடப்பாரையை இடுக்கில் விட்டு, உடம்பை அதன்மேல் சாய்த்து, எடையால் பிரித்துக்கொண்டிருந்தார். கைகளுக்கு இறுக்கிப் பிடிக்க முடியவில்லை என்பது தெரிந்தது. கிழங்குகள் உடைந்து உருண்டபோது கண்ணாடிச் சத்தம் வந்தது. அவர் மேற்பார்வையாளரிடம் ஐந்து விரல் காட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறினார். தாடியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது.

"ஹீட்டர் நல்லாருக்கு," என்றார்.

ஆர்லன் டிராயரிலிருந்து எடுத்துவந்த ஜனவரித் தாளைக் கொடுத்தான். டுவேன் கையுறையைக் கழற்றவில்லை. தாளை முழங்கால்மேல் வைத்துக் குனிந்து வாசித்தார். நிதானமாக வாசிப்பவர். பிறகு கையுறை விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்தார்.

"இது நம்ம ஆலை சொன்னதா?"

"ஆமா அத்தான். அவங்க சொல்லி, தலைமை அலுவலகம் எழுதி, எனக்கு வந்துச்சு. இது போதும். நாளைக்கு நான் வந்து குடுக்குறேன். ஆலைதான் சொன்னுச்சுன்னு இதுல இருக்கு."

"கோடு யாரு போட்டது?"

"நான்தான்."

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டுவேன் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"குளிரு காலம் நீளமானதுன்னு சொன்னியே. அது இதுல இல்லையே."

"அது நான் சேத்தது."

"அந்த வரி நல்லாருந்துச்சு," என்றார் டுவேன். "மார்லிஸ்கிட்ட சொன்னேன் அன்னைக்கு. மூணு வருஷத்துக்கப்புறம் இவன் பழையபடி பேசுறான் பாருன்னேன். சந்தோஷமா இருந்துச்சு எனக்கு."

ஆர்லன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"இதக் குடுத்தா உன் வேலை?"

"போயிரும்."

டுவேன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பத்து மணி. வரணும்னா வா," என்று சொல்லி இறங்கிப்போனார்.

ஐந்து மணிக்கு ஆர்லன் கையெழுத்துப் போடாத காகிதத்தை லைலின் மேசையில் வைத்தான். லைல் அதைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் போட்டிருக்கிறானோ என்பதுபோல்.

"அப்போ இன்னைக்கு ஆறு மணிக்கு வானிலையக் கொஞ்சம் நீட்டச் சொல்றேன்," என்றார். "உன் காப்பிக் கோப்பைய எடுத்துக்கோ. அத விட்டுட்டுப் போனா யாராவது ஒடச்சிருவாங்க."

*

கோர்ட் கட்டடத்தின் கீழ் அறைக்கு வெளியே பெஞ்சில் மார்லிஸும் டுவேனும் உட்கார்ந்திருந்தார்கள். டுவேன் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். மார்லிஸ் தம்பியைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

"மேல ஆபீஸ்ல வேல பாக்குற ஜானிஸ் சொன்னா. ஆலைதான் சொன்னுச்சுன்னு காட்டணும், இவரு அத நம்பித்தான் போனாருன்னும் காட்டணுமாம். ரெண்டும் இருந்தா சர்வீஸத் திருப்பிக் குடுக்கச் சொல்லலாமாம். ஒண்ணு உங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு இவரு சொல்லணும்." அவள் கணவனிடம் குனிந்தாள். "கேட்டீங்களா? ஆலைய நம்பினேன். அவ்வளவுதான். ரெண்டு வார்த்த."

"கேட்டுட்டேன் மார்லிஸ்."

"கேட்டா போதாது. சொல்லணும்."

"கைய மேல தூக்கி சத்தியம் பண்ணிட்டுத்தான சொல்லணும்," என்றார் டுவேன்.

உள்ளே ஒரு நீள மேசை. நடுவர் அறுபது வயதுப் பெண். கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஆலை வக்கீல் இளைஞன், மரியாதையானவன், எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான்.

ஆர்லனை முதலில் கூப்பிட்டார்கள். அவன் தாளைக் கொடுத்தான். அது எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள், வாரத்துக்கு எத்தனை என்று நடுவர் கேட்டார். சொன்னான். தன் குரல் இந்த அறைக்குப் பெரிதாக இருப்பதை உணர்ந்து தணித்துக்கொண்டான்.

வக்கீல் தாளை வெளிச்சத்தில் பிடித்தான். "இந்த வார்த்தைங்கள பென்சில்ல அடிச்சது யாரு சார்?"

"நான்."

"அடிக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல."

"ஆலை சொல்லுதுன்னுதான் உங்களுக்கு வந்துச்சு. அத ஆலை சொல்றதா சொல்லாம, நீங்களே சொல்ற மாதிரி சொன்னீங்க."

"ஆமா."

"ஏன் சார்?"

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மார்லிஸும் பார்த்தாள். இவ்வளவு நேரம் வாலைப் பற்றி அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. டுவேன் அதை அவளிடம் சொல்லவில்லை.

"கேக்க நல்லா இருக்கும்னு," என்றான் ஆர்லன்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டான். மேலே கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

டுவேன் எழுந்து கையைத் தூக்கினார். வெளுத்த விரல்களில் நகம் கருத்து வந்துகொண்டிருந்தது. நடுவர் அந்தக் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவர் பக்கம் சாய்ந்து பேசினார்.

"பாருங்க, இந்தத் தாள் எனக்கு முக்கியம். ஆலை இப்படி ஒரு வாக்குக் குடுத்துச்சுன்னு இதவச்சு நான் எடுத்துக்க முடியும். அத நீங்க நம்பிப் போயிருந்தீங்கன்னா, அந்த நம்பிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு. அதனால யோசிச்சு சொல்லுங்க. ஆலை குடுத்த வாக்க நம்பித்தான் நீங்க வேலைக்குத் திரும்புனீங்களா?"

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதுபோல் நடுவர் கேட்டார். மார்லிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

டுவேன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். அவர் உதடு அந்த இரண்டு சொற்களைச் சொல்லிப் பார்ப்பதை ஆர்லன் பார்த்தான்.

"இல்லீங்கம்மா," என்றார்.

"இல்லையா?"

"ஆலை சொல்லுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். இருபத்தாறு வருஷமா அவங்க சொல்றதக் கேட்டிருக்கேன். கூரை ஒழுகுறத சரி பண்றோம்னு பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்காங்க." வக்கீல்கூடச் சிரித்துவிட்டான். டுவேன் சிரிக்கவில்லை.

"அப்போ யார நம்பிப் போனீங்க?"

அவர் கையைக் காட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "என் மச்சான," என்றார்.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். முடிவு தபாலில் வரும் என்றார். என்ன வரும் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

*

வெளியே வெயில் அடித்தது. சூடு இல்லாத வெயில். பனித்தூள் தெருவின் குறுக்கே தரையோடு ஓடியது. மார்லிஸ் இருவரையும் தாண்டிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

டுவேன் படியில் நின்றார். இரண்டு மணிக்கு அவருக்கு ஷிஃப்ட். வீட்டுக்குப் போய் உடை மாற்ற வேண்டும்.

"அந்த ரெண்டு வார்த்தையச் சொல்லிருக்கலாம் நீங்க," என்றான் ஆர்லன்.

"சொல்லிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு." டுவேன் தொப்பியின் காதுகளை இறக்கிவிட்டார். "ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. அந்தக் கோடு போடும்போது, சர்வீஸ் விஷயம் பொய்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தான். சத்தியமா."

"உண்மையான்னு யாரையாவது கேட்டியா?"

"கேக்கல."

டுவேன் தலையசைத்தார். பாகு பதத்துக்கு வரவில்லை என்று தெரிந்துகொண்டவர்போல் இருந்தது அது. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆர்லனுக்கு ஏதாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்திருக்கும்.

"வேலை போயிருச்சா?"

"நேத்தே."

"ம்." அவர் இரண்டு படி இறங்கி நின்றார். "ஞாயித்துக்கெழம சாப்பிட வா."

"அக்கா..."

"அவ கோவமா இருப்பா. ஆனா சமைப்பா. நீ தனியா உக்காந்து டப்பாவத் திறந்து சாப்புடறதுல யாருக்கும் ஒண்ணும் கெடைக்கப்போறதில்ல. வா. வந்து உக்காந்து சாப்பிடு." கொஞ்ச நேரம் காரைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு மச்சான். இனிமே எங்கிட்ட எதையும் சொல்லாத. ஊர்ல இப்படிங்கறாங்க, அது அப்படி ஆகப்போவுதுன்னு ஒண்ணும் வேண்டாம். நாளைக்குப் பனி விழும்னுகூடச் சொல்லாத."

"சரி அத்தான்."

"நீ சொன்னா நான் நம்பிருவேன்," என்றார் டுவேன். "அத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."